வாயைத் திறந்து பார்த்தவர்கள்

 

நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய படம் மறுபடியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சின்னச் சின்ன முத்துகளைக் கொட்டி வைத்த மாதிரி நூற்றுக்கணக்கான பற்கள். "ஒரே பையன் வாயில் 526 பல்" என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே ஆளாளுக்கு ஒரு விளக்கம். ஒருவர் கோழிக்கறி என்கிறார், ஒருவர் பூர்வஜென்மம் என்கிறார், இன்னொருவர் படமே பொய் என்கிறார். மூன்று மாணவர்கள் எனக்குத் தனியாக அனுப்பி, "ஐயா, இது நிஜமா?" என்று கேட்டார்கள். பதில் நீண்டுவிட்டதால் இங்கேயே எழுதுகிறேன். வரலாறு நடத்தியவனுக்குப் பல்லைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். பல்லுக்கும் வரலாறு உண்டு.

முதலில் அந்தச் செய்தி. அது உண்மைதான். 2019 ஜூலை மாதம் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்தது. ஏழு வயதுப் பையன். கீழ்த்தாடையில் வலது பக்கம் வீக்கம். மூன்று வயதிலேயே பெற்றோர் அந்த வீக்கத்தைக் கவனித்திருக்கிறார்கள். அப்போது அது சிறியதாக இருந்தது, குழந்தையும் பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை. வீக்கம் வளர்ந்த பிறகு எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது தாடை எலும்புக்குள் ஒரு பை மாதிரி கட்டி இருப்பது தெரிந்தது. பேராசிரியர் செந்தில்நாதன் தலைமையிலான அறுவை சிகிச்சைக் குழு, தாடையின் பக்கவாட்டை உடைக்காமல் மேல்பக்கமாகத் திறந்து அதை எடுத்தது. எடை சுமார் 200 கிராம். வாய்நோய்க் குறியியல் துறைத் தலைவர் பிரதிபா ரமணியின் குழு அதைப் பிரித்து எண்ணியது. எண்ணி முடிக்கவே மணிக்கணக்காயிற்று. மொத்தம் 526. சிறியது 0.1 மில்லிமீட்டர், பெரியது 15 மில்லிமீட்டர். கடுகளவு இருந்ததற்கும் எனாமல் மூடிய தலையும் வேர் போன்ற பகுதியும் இருந்தன. பையனுக்கு மீதி 21 நல்ல பற்கள் இருந்தன. அவன் தேறி வீட்டுக்குப் போனான்.

இதற்கு மருத்துவத்தில் 'ஒடோன்டோமா' என்று பெயர். பல்லை உருவாக்கும் திசு வழிதவறி, ஒரு பல்லுக்குப் பதிலாகப் பல பற்களைச் செய்துகொண்டே போவது. புற்றுநோய் அல்ல. இரண்டு மூன்று குட்டிப் பற்களோடு நின்றுவிடும் ஒடோன்டோமாவைப் பல் மருத்துவர்கள் அவ்வப்போது பார்க்கிறார்கள். நூற்றுக்கணக்கில் என்பதுதான் அபூர்வம். 2014-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 17 வயது இளைஞன் ஒருவனுக்கு 232 பற்கள் எடுத்தார்கள். ஏன் வருகிறது என்பதற்கு மருத்துவம் இன்னும் உறுதியான ஒரே காரணத்தைச் சொல்லவில்லை. ஆகவே கோழிக்கறியை விட்டுவிடுங்கள்.

இதில் எனக்கு வியப்பு வேறொன்று. 526 பற்களைச் செய்யத் தெரிந்த அதே உடம்புக்கு, ஒரே ஒரு பல்லில் விழுந்த கடுகளவு குழியை அடைக்கத் தெரியாது! எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் மூடும். பல்லின் எனாமல் மட்டும் அப்படியல்ல. அதை உருவாக்கும் செல்கள், பல் ஈறைக் கிழித்து வெளியே வருவதற்குள் தம் வேலையை முடித்து மறைந்துவிடும். எடையில் 96 சதவீதம் தாதுப்பொருளான அந்த ஓடுதான் நம் உடம்பிலேயே கடினமானது. ஆனால் உடைந்தால் கட்டித்தர ஆள் இல்லாத வீடு அது. ஆகவே குழியை அடைக்கும் வேலை மனிதன் தலையில் விழுந்தது. எதை வைத்து அடைப்பது என்று அவன் தேடிய கதைதான் பல் மருத்துவத்தின் பாதி வரலாறு.

அந்தக் கதை மிகப் பழையது. பலுசிஸ்தானத்தில் போலன் கணவாய்க்கு அருகே மெஹர்கர் என்ற ஊர். அங்கே கிடைத்த எலும்புக்கூடுகளில் ஒன்பது பேருடைய பதினோரு கடைவாய்ப் பற்களில் நேர்த்தியாகத் துளையிட்டிருக்கிறார்கள். சுமார் 9000 ஆண்டுகள் முதல் 7500 ஆண்டுகள் வரை பழைமையானவை. 2006-இல் இந்த ஆய்வு வெளியானது. அங்கே பாசிமணிக்குத் துளையிடும் கைவினைஞர்கள் இருந்தார்கள். நம் கொங்கு நாட்டுக் கொடுமணலில் மணிக்குத் துளை போட்டார்கள் என்று வகுப்பில் படித்தீர்களே, அந்த மாதிரிக் கைத்திறனை மெஹர்கர்க்காரர்கள் பல்லிலும் காட்டியிருக்கிறார்கள். ஸ்லோவேனியா நாட்டில் லோன்சே என்ற இடத்தில் கிடைத்த 6500 ஆண்டுப் பழைமையான தாடையில், வெடித்த கோரைப்பல் ஒன்றின் மேல் தேன்மெழுகு பூசியிருந்தது. உயிரோடு இருந்தபோது பூசியதா, இறந்த பிறகு பூசியதா என்பதில் ஆய்வாளர்களே எச்சரிக்கையாகத்தான் எழுதினார்கள். வைத்தியம்தான் என்றால் நமக்குத் தெரிந்த மிகப் பழைய பல் அடைப்புகளில் அதுவும் ஒன்று.

சரி, குழி ஏன் விழுகிறது? நம் ஊரில் இன்றைக்கும் சொத்தைப் பல்லைப் 'பூச்சிப் பல்' என்கிறோம். உள்ளே ஒரு புழு இருந்து அரிப்பதாக நம்பிக்கை. நம் அப்பத்தாக்கள் கண்டங்கத்திரி விதைப் புகையைப் பிடிக்கச் சொன்னதும் அதற்காகத்தான். இது நம் ஊர் மூடநம்பிக்கை மட்டும் என்று வெட்கப்பட வேண்டியதில்லை. பாபிலோனியக் களிமண் பலகையிலும் பல் புழு இருக்கிறது. ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இதை நம்பினார்கள். அங்கே ஒருவகை விதையைச் சுட்டுப் புகை பிடிக்கச் செய்து, வெடித்த விதையின் முளையைக் காட்டி "பார், புழு விழுந்துவிட்டது" என்று காசு வாங்கிய வைத்தியர்களும் இருந்தார்கள்.

அந்தப் புழுவை விரட்டியவர் பிரான்ஸ் நாட்டுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார். 1728-இல் வெளியான தம் நூலில், நுண்ணோக்கி வைத்துச் சொத்தையைத் தேடியும் புழு எதையும் காணவில்லை என்று எழுதினார். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. போய்ப் பார்த்தார், இல்லை என்றார், அவ்வளவுதான். 1890-இல் வில்லோபி மில்லர் என்ற அமெரிக்கர் உண்மைக் காரணத்தை விளக்கினார். வாயில் ஒட்டியிருக்கும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் கிருமிகள் அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது என்றார். பூச்சி உண்டு, கண்ணுக்குத் தெரியாத பூச்சி!

பார்க்காமல் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு ஏழு வயதுப் பையனின் கதையைச் சொல்ல வேண்டும். சென்னைப் பையனுக்கு நானூறு ஆண்டுகளுக்கு முந்தையவன்.

1593-ஆம் ஆண்டு. இன்று போலந்தில் இருக்கும் சைலீசியா பகுதியில் ஒரு கிராமம். கிறிஸ்டோஃப் முல்லர் என்ற சிறுவனுக்குக் கடைவாயில் தங்கப் பல் முளைத்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. ஹெல்ம்ஸ்டெட் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் யாக்கோப் ஹோர்ஸ்ட் 1595-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பையன் பிறந்தபோது கிரகங்கள் நின்ற நிலையால் தங்கம் விளைந்தது, இது துருக்கியரைத் தோற்கடித்து ஒரு பொற்காலம் வரப்போவதற்கான அறிகுறி என்று விளக்கினார். இன்னொரு அறிஞர் அதை ஆதரித்து எழுதினார். மற்றொருவர் மறுத்து எழுதினார். மறுப்புக்கு ஒரு மறுப்பு. எல்லாமே கெட்டி அட்டை போட்ட லத்தீன் நூல்கள்.

கடைசியில் என்ன ஆயிற்று? பல்லின் மேல் மெல்லிய தங்கத் தகட்டை அளவாக மாட்டியிருந்தது வெளியே வந்தது. தங்கம் முளைக்கவில்லை, யாரோ ஒரு கைதேர்ந்த பொற்கொல்லர் உறை போட்டிருந்தார். இந்தக் கதையை 1687-இல் எடுத்து எழுதிய ஃபோன்டெனெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் காட்டிய பாடம் இதுதான்: காரணம் தேடுவதற்கு முன்னால் விஷயம் உண்மையா என்று பார். பொற்கொல்லரிடம் காட்டுவதற்கு முன்பே நூல் எழுதிவிட்டார்களே என்பதுதான் அவர் கேலி. பல் மருத்துவ வரலாறு எழுதுவோர் இன்று அதை வேறு கண்ணோடு பார்க்கிறார்கள். பதிவுகளில் கிடைக்கும் முதல் தங்க 'கேப்' அதுவாக இருக்கலாம் என்கிறார்கள். ஆக, பொய் அதிசயத்துக்குள்ளே ஒரு நிஜக் கைவேலை இருந்திருக்கிறது.

தங்கம் துருப்பிடிக்காது, வாயில் கரையாது. ஆனால் விலை? ஏழைக்குக் கட்டுப்படியாகாது. அங்கேதான் பாதரசம் வருகிறது. சீனாவில் தாங் அரச காலத்தில், 659-ஆம் ஆண்டு மருந்து நூலிலேயே பல்லுக்கு வெள்ளி, வெள்ளீயம், பாதரசம் சேர்ந்த கலவை பற்றிக் குறிப்பு உண்டு. மேற்கு நாடுகளில் இது பரவியது 19-ஆம் நூற்றாண்டில். 1833-இல் குரோக்கர் குடும்பத்தார் நியூயார்க்கில் இறங்கி, வெள்ளிக்காசை அரத்தால் ராவிய தூளில் பாதரசம் கலந்து, அதற்கு 'அரச' அடைமொழியோடு ஒரு பெரிய பெயர் வைத்து, சில நிமிடங்களில் பல் அடைத்துக் காசு பார்த்தார்கள். சொத்தையைச் சுத்தம் செய்யாமலே அடைத்தார்கள். கலவை விரிந்து பல் வெடித்தது. தங்கம் அடைத்துப் பிழைத்த பல் மருத்துவர்கள் கொதித்தார்கள். 1840-இல் தொடங்கிய அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம், பாதரசக் கலவையைத் தொடமாட்டேன் என்று உறுப்பினர்களிடம் எழுதி வாங்கியது. அந்தச் சண்டையிலேயே சங்கம் உடைந்து 1856-இல் கலைந்தது.

யார் சொன்னது சரி? இரண்டு பக்கமும் கொஞ்சம் சரி. 1890-களில் கிரீன் வார்டிமன் பிளாக் என்ற மருத்துவர் சத்தம் போடாமல் ஒரு வேலை செய்தார். வெள்ளி, வெள்ளீயம் முதலியவற்றை எந்த விகிதத்தில் கலந்தால் விரியாது, சுருங்காது என்று அளந்து பார்த்தார். அதன் பிறகு வந்த நூறு ஆண்டுகளில் கோடிக்கணக்கான ஏழை எளியவர்களின் கடைவாய்ப் பல்லைக் காப்பாற்றியது அந்தக் கருத்த 'வெள்ளி' அடைப்புதான். உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் கண்ணாடியில் பாருங்கள், இருக்கும்.

அதில் ஏறத்தாழ பாதி எடை பாதரசம். பாதரசத்தால் ஆறும் மண்ணும் கெடக் கூடாது என்று ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் இந்த அடைப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. இதைப் படித்துவிட்டு யாரும் பதறிப்போய்ப் பழைய அடைப்பைப் பெயர்த்தெடுக்க ஓட வேண்டாம். நல்ல நிலையில் உள்ள அடைப்பை வீணாக எடுத்தால்தான் பாதரச ஆவி அதிகம் வரும், நல்ல பல்லும் சேதமாகும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே சொல்லியிருக்கிறது.

இப்போது வைக்கும் வெள்ளை அடைப்புக்கு வயது எழுபது. 1955-இல் மைக்கேல் புவோனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், உலோகத்தில் பெயின்ட் நன்றாக ஒட்டுவதற்குத் தொழிற்சாலைகளில் பாஸ்போரிக் அமிலம் பூசுவதைப் பார்த்து, அதையே பல்லில் செய்து பார்த்தார். எனாமல் சொரசொரப்பாகிப் பசை பிடித்துக்கொண்டது. 1962-இல் ரஃபேல் போவன் ஒரு புதிய பிசினைக் கண்டுபிடித்தார். அதில் கண்ணாடித் தூள் மாதிரியான பொருளைக் கலந்து உருவானதுதான் இன்றைய 'காம்போசிட்'. நீல விளக்குக் காட்டிக் கெட்டியாக்குகிறார்களே, அதுதான். 1972-இல் லண்டனில் வில்சன், கென்ட் என்ற இரு வேதியியலாளர்கள் கண்ணாடி அயனோமர் சிமெண்ட்டை வெளியிட்டார்கள். அது பல்லோடு தானே ஒட்டும், மெல்ல மெல்ல ஃபுளோரைடும் வெளியிடும். மின்சாரம் இல்லாத ஊர்களில் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிவிட்டு இந்தச் சிமெண்ட்டை வைக்கும் முறை 1980-களின் நடுவில் தான்சானியாவில் தொடங்கியது.

ஃபுளோரைடு என்றதும் நம் சீமைக்கு வந்துவிட்டோம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை நடத்திக் கூட்டிவந்தேன்.

1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் வந்தார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் காவி நிறக் கறை. பன்றிக்கறி, கெட்ட பால் என்று ஊரார் பல காரணம் சொன்னார்கள். மெக்கே முப்பது ஆண்டுகள் வாய் வாயாகப் பார்த்துக் குறிப்பு எடுத்தார். மேலே சொன்ன பிளாக்கும் 1909-இல் வந்து சேர்ந்துகொண்டார். ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற ஊரில் தாய்மார்கள் ஒரு துப்புக் கொடுத்தார்கள். ஊற்று நீரைக் குழாயில் கொண்டுவந்த பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் கறை என்றார்கள். குழாயை மாற்றினார்கள். அதற்குப் பின் முளைத்த பற்கள் வெள்ளையாக வந்தன. 1931-இல் ஒரு அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் நீரைச் சோதித்துக் காரணத்தைச் சொன்னார். ஃபுளோரைடு.

அதே பத்தாண்டில், 1937-இல், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் ஷார்ட்டும் அவரோடு பணியாற்றிய மன்னாடி நாயர் முதலியோரும், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கத்தில் இதே நோயைக் கண்டு எழுதினார்கள். பல் கறை மட்டுமல்ல, எலும்பு இறுகி முதுகு வளையாத பெரியவர்களையும் கண்டார்கள். இந்தியாவில் ஃபுளோரோசிஸ் பற்றிய முதல் பெரிய மருத்துவப் பதிவு அது.

நம் பாறை அப்படிப்பட்டது. கிரானைட்டும் அதைச் சேர்ந்த கடும்பாறைகளும் உள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் பகுதிகளில் சில இடங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அளவுக்கு மேல் இருக்கிறது. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தரக்கட்டுப்பாடு. 2013-இல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் என்ற சொல் இருக்கிறது. சுமார் 1,900 கோடி ரூபாய் செலவில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் போனது. அதே காவிரி, மேட்டூர் தாண்டி நம் வேலூர்ப் படித்துறைக்கு வருகிறது. ஆற்று நீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கவலை பொதுவாகக் குறைவு. ஆற்றை விட்டுத் தள்ளி, வறண்ட காட்டுப் பக்கம் போர் போட்டுக் குடிக்கிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஏன் சொல்கிறேன்? பல்லைச் செய்யும் செல்கள் வேலை முடித்துப் போய்விடும் என்றேன் அல்லவா. சுமார் எட்டு வயதுக்குள் அவை வேலை செய்யும்போது அதிக ஃபுளோரைடு உள்ளே போனால், எனாமலே குறையோடு உருவாகிவிடும். வெற்றிலைக் கறை மேலே படிவது, மருத்துவரிடம் போனால் சுரண்டி எடுத்துவிடலாம். இது பல்லுக்குள் இருக்கும் கறை. பிரஷ் தேய்ந்தாலும் போகாது. ஆனால் அந்தப் பிள்ளையை "பல் விளக்காத பையன்" என்று வகுப்பில் கேலி செய்கிறார்கள், பெண் பார்க்க வந்த இடத்தில் கிசுகிசுக்கிறார்கள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பெண்பிள்ளைகளை என் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்த தப்பு எதுவுமில்லை. சின்ன வயதில் வீட்டில் கொடுத்த தண்ணீரைக் குடித்தார்கள். இப்போது மேலே காம்போசிட் பூசி அழகாக்கிக்கொள்ள வழி உண்டு. ஆனால் தங்கைக்கும் தம்பிக்கும் வராமல் தடுக்க ஒரே வழி, தண்ணீரை மாற்றுவது.

எனவே, வாத்தியார் வழக்கப்படி வீட்டுப்பாடம்.

ஒன்று. போர் தண்ணீர் குடிக்கும் வீடுகள், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒருமுறை நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். ஆர்.ஓ. இயந்திரம் நன்றாகவே குறைக்கும்.

இரண்டு. பால் பல் விழுந்து வெகுநாள் ஆகியும் புதுப் பல் வரவில்லை, அல்லது விழவேண்டிய பால் பல் விழவே இல்லை, அல்லது தாடையில் வலியில்லாத வீக்கம் இருக்கிறது என்றால், "வலிக்கவில்லையே" என்று விட்டுவிடாதீர்கள். ஒரு சின்ன எக்ஸ்ரே போதும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால், இரண்டு மூன்று பல்லாக இருக்கும்போதே எடுத்துவிடலாம்.

மூன்று. இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் பிள்ளையை, பேரன் பேத்தியை விளக்கடியில் நிறுத்தி "ஆ" காட்டச் சொல்லுங்கள். காவிக் கறை தெரிந்தால் திட்டாதீர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

கபிலர்மலை, ஜேடர்பாளையம், பாண்டமங்கலம், பொத்தனூர் பக்கம் இருப்பவர்கள் யாராவது நீர் சோதனை செய்திருந்தால், அளவு எவ்வளவு வந்தது என்று கீழே எழுதுங்கள். பக்கத்துக் காட்டுக்காரருக்கு உதவும். பல் மருத்துவராகிவிட்ட என் மாணவர்கள் யாரேனும் இதைப் படித்தால், விட்டுப்போனதைச் சேர்த்து எழுதுங்கள் கண்ணுகளா. உங்கள் பதிவை நானும் மாணவனாக உட்கார்ந்து படிக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
பரமத்தி வேலூர்.